ஒரு வாய் வச்சுட்டுப் போங்க

தாமெலி அக்காவின் தபால் பை என் தோளுக்கு வந்த சில வாரங்களிலேயே என் கோட்டுப் பொத்தான்கள் எட்டாமல் போய்விட்டன. "நீ தபால் குடுக்கப் போறியா, கல்யாணச் சாப்பாட்டுக்குப் போறியா?" என்று என் கணவர் சிரித்தார். அவருக்கென்ன, நாள் முழுக்க டிராக்டரில் உட்கார்ந்திருப்பவர். எங்கள் தெரெக்தி கிராமத்தில் ஒரு வீட்டுக்குள் கால் வைத்தால், அங்கே விரித்திருக்கும் தஸ்தர்கான் என்ற சாப்பாட்டு விரிப்பிலிருந்து ஒரு துண்டு ரொட்டியாவது வாயில் போடாமல் வெளியே வர முடியாது. "ஒரு வாய் வச்சுட்டுப் போங்க" என்று நிலைப்படியை மறித்துக்கொண்டு நிற்பார்கள். தொடாமல் போனால் அந்த வீட்டு ரொட்டியையே அவமதித்ததாக அர்த்தம். ஒரு வீட்டில் ரொட்டியும் வெண்ணெயும் இருக்கும். அடுத்த வீட்டில் எண்ணெயில் பொரித்த மாவு உருண்டையான பௌர்சாக். அதற்கடுத்த வீட்டில் பால் தேநீரும் கிண்ணம் நிறைய ஜாமும். இரண்டு தெருவையும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆட்டுப் பண்ணையையும் முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கும். நடந்து வாங்கிய மூச்சல்ல.

எனக்கு முன்னால் இந்தப் பையைச் சுமந்தவர் தாமெலி அக்கா. சோவியத் காலத்தில், இருபது வயதில் தொடங்கியவர். போன இலையுதிர் காலத்தில் ஓய்வு பெறும்வரை நடந்தேதான் கொடுத்தார். சைக்கிள் கொடுத்தார்கள், அதைத் தம்பி முகித்திடம் தள்ளிவிட்டார். "மிதிச்சுகிட்டு இருக்கிற நேரத்துல நான் நடந்துட்டு வந்துருவேன்" என்பார். அது வெறும் பேச்சில்லை. அவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்துவிட்டு அடுப்பில் கெட்டிலை வைத்தால், தண்ணீர் சூடாவதற்குள் வாசலில் நிற்பார்.

கல்யாணம் ஆகவில்லை. நிச்சயம் ஆகியிருந்த வருஷம் அம்மா போய்விட்டார். சோவியத்தும் கலைந்தது, சம்பளமும் நின்றது. நாலு வயது முகித்தை யார் கையில் விட்டுவிட்டு மாப்பிள்ளை ஊரான அல்மாட்டிக்குப் போவது? மாப்பிள்ளை வீட்டார் கொஞ்ச காலம் பொறுத்துப் பார்த்தார்கள், பிறகு வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். அந்த மனிதரின் கல்யாண அழைப்பிதழ்கள் எங்கள் ஊரில் சிலருக்குத் தபாலில் வந்தபோது, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அக்காதான். ஒருமுறை நான் அதைப் பற்றிக் கேட்டேன். "வாங்கினவங்கதான் அழுதாங்க. எனக்கு இன்னும் பாதித் தெரு பாக்கி இருந்துச்சு" என்றார்.

அவருடைய நடையை ஊரே ஆசைப்பட்டது. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததும், கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றை அதன் இரண்டு கால்களிலும் தளர்வாகக் கட்டி, ஒருவரைக் கூப்பிட்டு வெட்டச் சொல்வோம். வெட்டியவர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். அவருடைய நடையும் குணமும் அப்படியே குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் யாரைக் கூப்பிடுவது என்பதில் வீடுகளில் சண்டையே நடக்கும். தெரெக்தியில் மட்டும் சண்டை இல்லை, தாமெலி அக்கா இருந்தார். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருடைய கால்கயிற்றை வெட்டியவர் அவர்தான். என் மகளுடையதையும் அவர்தான் வெட்டினார். அவள் வீட்டில் தங்குவதே இல்லை, அதற்கும் சேர்த்து அவரைத்தான் திட்டுகிறேன்.

முகித் பெரிசாத்தைக் கட்டிக்கொண்டு வந்தபோது, அந்தப் பெண் வழக்கப்படி நாத்தனாருக்குப் புதுப்பெயர் வைத்தாள். கணவன் வீட்டுப் பெரியவர்களை மருமகள் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, அவளாக ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். சில மருமகள்கள் அதிலேயே பழி தீர்த்துக்கொள்வார்கள். பெரிசாத் வைத்த பெயர் "காத்துக்கால் அக்கா". அக்கா அந்தப் பெயரை வாங்கிக்கொண்ட நாளில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனார், சம்பள உயர்வு வந்தவரைப் போல.

சர்க்கரை வியாதி வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். வேலையில் இருக்கும்போதே வந்தது. மாவட்ட ஊரில் மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, மாத்திரையைக் கூட்டினார்கள். அப்போதும் இறங்கவில்லை, இன்னும் கூட்டினார்கள். அக்கா ஒரு வேளை தவறாமல் விழுங்கினார். கடைசியில் ஒருவழியாகச் சர்க்கரை சொன்ன இடத்தில் நின்றது, எல்லோரும் அதோடு விட்டுவிட்டார்கள்.

ஓய்வு பெற்றபின் வீட்டில் இருந்தார். முகித்துக்கு ரயில்வேயில் வேலை, பெரிசாத்துக்குப் பள்ளிச் சமையலறையில். அவர்களுடைய மகள் இன்ஜு அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள், பகலில் அத்தை பார்த்துக்கொள்வார் என்று ஏற்பாடு. பெரிசாத்துக்கு நாத்தனார்மேல் உயிர். சர்க்கரை உள்ளவர் பகலெல்லாம் வீட்டில் இருக்கிறாரே, ஆசைப்பட்டு எதையாவது எடுத்துவிடுவாரே என்று ஜாம், மிட்டாய், கற்கண்டு எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். காலையில் மாத்திரையும் சர்க்கரை போடாத தேநீரும், இரவில் எல்லோருடனும் சாப்பாடு. மதியம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது அக்காவுக்கு வாழ்நாளில் பழக்கமில்லாத ஒன்று.

பனி விழத் தொடங்கியபோது அவரும் மாறத் தொடங்கினார். பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்று கொண்டிருப்பார், அது பொங்கி வழிவதைப் பார்ப்பார், ஆனால் இறக்க மாட்டார். அதட்டிப் பேசியே அறியாதவர், உப்பு டப்பா இடம் மாறியதற்காகப் பெரிசாத்திடம் கத்தினார். பிறகு ஒரு நாள் மதியம், காலிப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். என் பை அல்ல, ஏதோ உருளைக்கிழங்குப் பை. நேராகத் தோலேகென் பெரியவர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டி, "பென்ஷன் வந்திருக்கு, அப்பாவை வரச் சொல்லு" என்றாராம். தோலேகென் செத்து இரண்டு வருஷம். அவர் மகள் பயந்துபோய், என்ன செய்வதென்று தெரியாமல், நம் ஜனம் எதற்கும் செய்வதைச் செய்தாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தேநீர் ஊற்றினாள், ஜாமும் பௌர்சாக்கும் வைத்தாள். அக்கா சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் சுற்றிலும் பார்த்தார், மடியிலிருந்த பையைப் பார்த்தார், முகம் சிவந்துவிட்டது. "உங்கப்பாவுக்கு ஒரு துவா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லி, கையேந்தித் துவா சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

இப்படிப் பல தடவை. வந்து வந்து தெளியும். தெளிவதைப் பார்த்த சிலர், ஜின் பிடித்தால்தான் இப்படி வந்து போகும் என்றார்கள். வேறு சிலர் கண்ணு பட்டுவிட்டது என்றார்கள், அத்தனை பிள்ளைகளுக்குத் தன் நடையைக் கொடுத்துவிட்டாரே என்று. கடைக்காரி ஒருத்தி இருக்கிறாள், எல்லாம் தெரிந்தவள். "சர்க்கரை மூளைக்கு ஏறிருச்சு. எங்க சித்தியும் இப்படித்தான், கடைசியில பெத்த மகனையே தெரியலை" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அது அக்கா காதுக்கும் போனது. அவர் என்ன செய்தார் தெரியுமா? சர்க்கரை ஏறினால்தானே மூளை போகும் என்று, இரவுச் சாப்பாட்டில் எடுத்துக்கொண்ட ஒரு துண்டு ரொட்டியையும் நிறுத்திவிட்டார். மாத்திரையை மட்டும் மறக்கவே இல்லை.

மார்ச்சில் அது நடந்தது. பெரிசாத் ஏதோ காரணமாக மதியமே வீட்டுக்கு வந்திருக்கிறாள். இன்ஜு எரிந்துகொண்டிருந்த இரும்பு அடுப்புக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று, அதன் பளபளப்பைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார், உடம்பெல்லாம் வேர்வை, அந்தக் குளிரிலும். குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிசாத் பாய்ந்து மகளைத் தூக்கியதும் கேட்டார்: "யார் வீட்டுக் குழந்தை இது?"

அதோடு முடிந்தது. மறுநாளிலிருந்து இன்ஜு பகலில் எதிர் வீட்டுக்குப் போனாள். "காத்துக்கால் அக்கா" என்ற பெயரும் பெரிசாத் வாயிலிருந்து போய்விட்டது, வெறும் "அக்கா"தான். குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கியபோது, கால்கயிறு வெட்ட ஸமாலைக் கேட்டிருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்தது. ஸமால் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, மான்குட்டி மாதிரி ஓடுவாள். யாரும் பெரிசாத்தைக் குறை சொல்லவில்லை. தெரிந்தே எந்தத் தாய் தன் பிள்ளைக்கு மறதியைக் கேட்டு வாங்குவாள்? நான்கூடச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கோபமாக வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

மாவட்ட ஊருக்கு வாராவாரம் நான்தான் வேனில் போய்த் தபால் எடுத்துவர வேண்டும். ஏப்ரலில் பெரிசாத் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "ரைகான் அக்கா, நம்ம அக்காவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டு வர்றீங்களா? அவருக்கு லீவு குடுக்க மாட்டேங்கறாங்க. என்னால அந்த ரூமுக்குள்ள உக்காந்து கேக்க முடியாது" என்றாள். கேட்க என்ன இருக்கிறது என்று இருவருக்குமே தெரியும்.

விடியும்போதே கிளம்பினோம். அக்கா வெள்ளைத் தலைக்குட்டையை நன்றாகத் தேய்த்துக் கட்டியிருந்தார். அப்போது தெளிவாகத்தான் இருந்தார். மலைப்பக்கம் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது, சாலையில் குதிரைக் கூட்டம் ஒன்று நடுவில் நின்று கொண்டு நகர மாட்டேன் என்றது. ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்.

"ரைகான், அடுத்த வருஷம் இன்ஜு பேரு எனக்கு ஞாபகம் இருக்குமா?"

"இல்லைன்னா நான் தினம் வந்து சொல்றேன். எப்படியும் தபாலுக்கு வரணுமே."

"விளையாடாதே. அன்னிக்கு அவளைப் பாத்தேன். முகம் தெரியுது. ஆனா யாருன்னு எட்டவே இல்லை. எதிர்ல நிக்கிற வீட்டுக்கு வழி தெரியாத மாதிரி. ஸமாலைக் கூப்பிட்டது சரிதான். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா வலிக்குதுடி" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு எனக்குக் குதிரைகளும் தெரியவில்லை, சாலையும் சரியாகத் தெரியவில்லை.

மருத்துவமனை நடையில் மதியம்வரை உட்கார வைத்துவிட்டார்கள். என் பையில் பௌர்சாக் இருந்தது, நீட்டினேன். "வேணாம்டி. டாக்டரைப் பாக்கப் போறோம், சர்க்கரை ஏறிடும்" என்று கையைத் தள்ளிவிட்டார். நானே தின்றேன். நேரம் ஆக ஆக அவர் பேச்சு குறைந்தது. பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து எதிர்ப்பக்கம் நடந்தார், நான் கையைப் பிடித்துத் திருப்பினேன்.

டாக்டர் எர்மெக் சின்ன வயசு, ஆனால் அவசரப்படாதவர். என்ன மாசம் என்று கேட்டார். "செப்டம்பர்" என்றார் அக்கா. என்னைக் காட்டி இவர் யார் என்று கேட்டார். அக்கா என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆபீஸுக்குப் புதுசா வந்த சின்னப் பொண்ணு" என்றார். எனக்கு நாற்பத்தைந்து வயது, வேறு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். டாக்டர் பழைய குறிப்பில் அக்கா தபால்காரி என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்க தெருவுல வீடுகளை வரிசையா சொல்லுங்க பார்ப்போம்" என்றார்.

அக்கா வாய் திறந்தார். முதல் வீட்டைச் சொன்னார். இரண்டாவதைச் சொன்னார். மூன்றாவதில் நின்றார். மறுபடியும் முதல் வீட்டிலிருந்து தொடங்கினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றார். உதடு அசைகிறது, பெயர் வரவில்லை. நெற்றியில் வேர்வை அரும்பியது. கண்களை மூடியபடி நடக்கக்கூடிய தெரு அது. டாக்டர் பேனாவை எடுத்தார், எதையும் எழுதாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்குச் சங்கடம் வந்தால் வாய்க்கு வந்ததைப் பேசுவேன், அது என் பிறவிக் கோளாறு. "டாக்டர், வந்ததுதான் வந்தேன், எனக்கும் சர்க்கரை பாத்துருங்க. இவங்க பாத்த வேலைக்கு நான் வந்ததுலேர்ந்து ஊதிட்டேன். வீட்டுக்கு வீடு வாய் வச்சுட்டுப் போ, வாய் வச்சுட்டுப் போன்னு பிடிச்சு உக்கார வைக்கறாங்க. இவங்க இத்தனை வருஷம் எப்படி இப்படிக் குச்சியா இருந்தாங்களோ" என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

"இவங்களும் வீட்டுக்கு வீடு சாப்பிட்டாங்களா?"

"பின்னே? விட்டுருவாங்களா?"

"ஆனா இங்க பழைய குறிப்புல, ஒரு நாளைக்கு ரெண்டு வேளைதான் சாப்பிடறதா சொல்லியிருக்காங்களே."

"அது சாப்பாடு, டாக்டர். நான் சொல்றது வாய் வைக்கிறது."

அவரும் நம் ஊர் ஆள்தானே, சட்டென்று புரிந்துகொண்டார். எங்களில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். உட்கார்ந்து கறியோடு தின்றால்தான் சாப்பாடு, தபால் கொடுக்கப் போன இடத்தில் போகிற போக்கில் தின்ற ரொட்டியும் ஜாமும் மரியாதைக் கணக்கில்தான் சேரும். அக்கா பொய் சொல்லவில்லை. எழுதியவரும் தப்பாக எழுதவில்லை.

"இப்ப பகல்ல இவங்களுக்கு யார் ரொட்டி குடுக்கறாங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்தார். என் பதிலுக்குக் காத்திருக்காமல் மேசை இழுப்பறையிலிருந்து சின்ன கருவியை எடுத்து, அக்காவின் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை வைத்தார். எண்ணைப் பார்த்ததும் கதவைத் திறந்து, சர்க்கரை போட்டுத் தேநீர் கொண்டுவரச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டார். இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லையாம்.

நான்தான் கோப்பையைப் பிடித்துக் குடிக்க வைத்தேன். தேநீரா அது, சர்க்கரைப் பாகு. பிறகு டாக்டர் என் பௌர்சாக்கையும் கேட்டு வாங்கி அக்கா கையில் கொடுத்தார். காத்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே யாரோ காரைக் கிளப்ப முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள், அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாக வேர்வை காய்ந்தது. அக்கா தலைக்குட்டையைச் சரிசெய்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரைகான், வேனைக் கேட்டுக்கு நேரா நிறுத்திட்டு வந்தியே. ஆம்புலன்ஸ் எப்படி வரும்?" என்றார்.

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. டாக்டர் சிரித்துக்கொண்டே, "அம்மா, அந்தத் தெரு வீடுகளை இப்ப சொல்லுங்க" என்றார். சொன்னார். வரிசை தப்பாமல் சொன்னார், யார் வீட்டு நாய் கடிக்கும், யார் வீட்டுக் கதவு மழைக்கு இறுகும், யார் வீட்டில் யார் செத்து எவ்வளவு நாள் ஆகிறது என்பதோடு. அடுத்த தெருவுக்கும் திரும்பிவிட்டார். டாக்டர்தான் கைகூப்பி நிறுத்தினார். நான் அழுதுகொண்டிருந்தேன், மூக்கைச் சிந்த எதுவும் இல்லாமல் அவருடைய மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் எங்களுக்கு நிதானமாகச் சொன்னார். "இந்த மாத்திரை சர்க்கரையை அடிச்சு இறக்கும். சாப்பாடு வருதா வரலையான்னு அதுக்குத் தெரியாது. நீங்க வீட்டுக்கு வீடு சாப்பிட்டுக்கிட்டு நடந்தப்ப அதுக்கு வேலை இருந்துச்சு. இப்ப சாப்பாடு நின்னுபோச்சு, மாத்திரை நிக்கலை. வயசாக ஆக அது உடம்பை விட்டு மெதுவாத்தான் போகும். மூளைக்குன்னு பெட்டியில போட்டு வச்ச சர்க்கரை கிடையாது, அப்பப்ப வந்துகிட்டே இருக்கணும். வரலைன்னா முதல்ல தடுமாறுறது மூளைதான்."

"அப்ப எனக்குப் புத்தி போகலையா?" என்று கேட்டார் அக்கா.

"இப்ப நீங்க எனக்கு ரெண்டு தெரு சொன்னீங்க. போன புத்தி இப்படிப் பேசாது. ஆனா பொய்யாவும் சொல்ல மாட்டேன். பல வருஷம் சர்க்கரை ஏறியே இருந்தாலும் மூளைக்குப் போற சின்ன ரத்தக்குழாய்ங்க பழுதாகும். இப்படி அடிக்கடி ஒரேயடியா இறங்கினாலும் நல்லதில்லை. ஒண்ணு ரெண்டு பேரு, ஒண்ணு ரெண்டு வார்த்தை திரும்பி வராம போகலாம். மாத்திரையை மாத்தறேன். கோடைக்கு அப்புறம் வாங்க, மறுபடியும் முழுசா பாக்கலாம். மதியம் சாப்பிடாம இருக்கக் கூடாது. கை நடுங்கினா, வேர்த்தா, வெட்கப்படாம உடனே ஏதாவது இனிப்பா வாயில போடணும்."

"நல்லா இருக்கே. சர்க்கரை வியாதிக்கு டாக்டரே மிட்டாய் குடுக்கறாரு" என்றார் அக்கா. கண்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

எனக்கும் பார்த்தார். எனக்குச் சர்க்கரை இல்லையாம், ரொட்டியைக் குறைக்கச் சொன்னார். யாரிடம் சொல்கிறார்.

வழியெல்லாம் அக்கா பேசிக்கொண்டே வந்தார். வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது எனக்கு. எங்களில் நல்ல செய்தி கொண்டு வருகிறவர் வாசலிலேயே நின்று "என்ன குடுப்ப?" என்று கேட்கலாம். கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் பரீட்சை பாஸான செய்தியும் பேரன் பிறந்த செய்தியும் சுமந்து, கைக்குட்டையும் மிட்டாயும் வாங்கிய பெண் அவர். அன்றைக்குத் தன் செய்தியைத் தானே கொண்டு வந்தார். வேன் நிற்பதற்குள் இறங்கி, வாசலில் நின்று சத்தம் போட்டார். "பெரிசாத்! நல்ல சேதி. என்ன குடுப்ப?"

பெரிசாத் கை நிறைய மாவோடு ஓடி வந்தாள். நான்தான் விஷயத்தைச் சொன்னேன், அக்காவுக்குப் பொறுமை இல்லை. கேட்டு முடித்ததும் அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள். "நான் எல்லாத்தையும் பூட்டி வச்சேனே. நானே பட்டினி போட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள், மாவெல்லாம் முடியில். அக்கா அவளைத் தூக்கி நிறுத்தினார். "அழுவுறதை அப்புறம் அழு. கேட்டதைக் குடுக்கணும்."

"என்ன வேணும்னு சொல்லுங்க, எதுவா இருந்தாலும் தர்றேன்."

இதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அக்கா, "அந்த மிட்டாய் அலமாரிச் சாவி" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவளை அனுப்பிவிட்டு அக்காவை ஓரமாக இழுத்தேன். "கால்கயிறு வெட்டறதைக் கேட்டிருக்கலாமே. இல்லைன்னு சொல்ல முடியுமா அவளால?"

"முடியாதுதான். அதனாலதான் கேக்கலை" என்றார் அக்கா. "அவ பிள்ளையை அவளா என்கிட்ட குடுக்கணும். நான் வாங்கினா அது வேற."

அதன் பிறகு வாரங்கள் போயின. மாத்திரை மாறியது. முகித் விரல் குத்தும் கருவி ஒன்று வாங்கி வந்தான். பெரிசாத் காலையில் கிளம்புமுன் மதியத்துக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் துணி போட்டு மூடி வைத்தாள். நான் தபாலோடு போகும் நேரத்துக்கு அக்கா வாசலில் நிற்பார், "ஒரு வாய் வச்சுட்டுப் போ" என்பார், இருவரும் உட்கார்ந்து தின்போம். பாலை அடுப்பிலிருந்து நேரத்துக்கு இறக்கினார். யார் பெயராவது வராவிட்டால் கையை ஆட்டி, "அவன்தான், ஒட்டகம் வச்சிருப்பானே" என்று தாண்டிப் போய்விடுவார். அதெல்லாம் எங்களுக்கும் இருப்பதுதான். இன்ஜு எதிர் வீட்டிலிருந்து திரும்பி வந்தாள், முதலில் அரை நாளுக்கு, பிறகு முழு நாளுக்கு. ஆனால் "காத்துக்கால் அக்கா" திரும்பி வரவில்லை. ஸமாலிடம் கேட்டது கேட்டதாகவே இருந்தது. அவள் விழாவுக்கென்று புதுச் சட்டைகூடத் தைத்துவிட்டாளாம். கூப்பிட்டவரை வேண்டாம் என்பது எங்களில் பெரிய அவமானம், பெரிசாத் எப்படிச் சொல்வாள்? அதோடு, பயம் ஒரே நாளில் போய்விடுமா. நான் அவள் கண்ணைப் பார்த்தேன், அது இன்னும் அந்த இரும்பு அடுப்புக்குப் பக்கத்தில்தான் நின்று கொண்டிருந்தது.

ஆப்பிள் மரங்கள் பூத்து முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை விழா வைத்தார்கள். முற்றத்தில் பெரிய அண்டாவில் ஆட்டுக்கறி வெந்தது. அக்கா விடியலிலிருந்து அடுப்படியில்தான், வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் ஊற்றிக்கொண்டு, தான் மட்டும் எதிலும் வாய் வைக்காமல். புல்லில் வெள்ளைத் துணி விரித்தார்கள். பெரிசாத் மகளை நிறுத்தி, குனிந்து, கறுப்பு வெள்ளைக் கயிற்றைக் கால்களில் கட்டினாள். ஸமால் புதுச் சட்டையில், கையில் கத்தியோடு தயாராக நின்றாள். பெரிசாத் கட்டி முடித்தாள், ஆனால் நிமிரவில்லை. குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு தலையைத் தூக்கி, ஸமாலைப் பார்க்காமல், கூட்டத்துக்குப் பின்னால் அடுப்படிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டாள்.

"காத்துக்கால் அக்கா. எங்க போயிட்டீங்க? உங்க மருமக கால் கட்டிக்கிட்டு நிக்கிறா."

எல்லோரும் ஸமாலைத்தான் பார்த்தோம். அந்தப் பெண் நல்லவள். ஒரு நிமிஷம் முகம் சுருங்கியது, பிறகு கத்தியின் பிடியை அக்கா பக்கம் திருப்பி நீட்டினாள். "என் கயித்தையும் நீங்கதானே அக்கா வெட்டினீங்க. இந்த ஓட்டம் எனக்கு வேற எங்கேருந்து வந்துச்சு" என்றாள்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கத்தியை வாங்கினார். குழந்தையின் முன்னால் குனிந்தார். அப்போதுதான் நான் பார்த்தேன், எல்லோரும் பார்த்தார்கள், கத்தி நுனி நடுங்கியது. நெற்றியில் அந்தப் பழைய வேர்வை. பெரிசாத்தின் முகத்தில் ரத்தமே இல்லை, அவளுடைய கை மகளைத் தூக்கப் பாதிவரை வந்துவிட்டது. பின்னால் கடைக்காரி ஏதோ முணுமுணுத்தாள்.

குளிர்காலத்து அக்காவாக இருந்தால் ஒன்றுமில்லை என்று மறைத்திருப்பார். இவர் கத்தியைத் துணிமேல் வைத்தார். குழந்தைக்கு எதிரே புல்லில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். "பெரிசாத், சர்க்கரை இறங்குது. காலையிலேர்ந்து ஒண்ணும் திங்கலை. தேனும் ரொட்டியும் கொண்டா. நான் முதல்ல ஒரு வாய் வைக்கணும்" என்றார். எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

பெரிசாத் ஓடினாள். அவளிடமும் அந்த ஓட்டம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா ரொட்டியைத் தேனில் தொட்டுத் தின்றார், அவசரப்படாமல், மென்று. ஊரே சுற்றி நின்று காத்திருந்தது. கால் கட்டிய இன்ஜு தள்ளாடி அத்தையின் மடியில் விழுந்து, அவர் கையிலிருந்த ரொட்டியைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

கடைக்காரிக்கு வாய் சும்மா இருக்காதே. "வெட்டறவங்க குணம் பிள்ளைக்கு வரும்னு சொல்லுவாங்க. பாத்துக்கோ பெரிசாத், இவளும் வளர்ந்தா பாதி வேலையில உக்காந்து ரொட்டி கேப்பா" என்றாள்.

"கேக்கட்டும்" என்றாள் பெரிசாத். அழுகையும் சிரிப்புமாக இருந்தது குரல். "அதுக்குத்தான் அக்காவைக் கூப்பிட்டேன். முடியலைன்னா முடியலைன்னு நாலு பேர் முன்னாடி வாய் விட்டுக் கேக்கட்டும் என் பொண்ணு. மறைச்சு மறைச்சு வச்சு நாங்க பட்டது போதும்."

அக்கா கையை முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தார். நடுக்கம் நின்றிருந்தது. எழுந்து, தேன் பட்ட விரல்களை இடுப்பில் கட்டிய சமையல் துணியில் துடைத்து, கத்தியை எடுத்து ஒரே இழுப்பில் கயிற்றை வெட்டினார். பிறகு இன்ஜுவின் கையைப் பிடித்துக்கொண்டு வெள்ளைத் துணிமேல் ஓடினார். துணி முடிந்தும் நிற்கவில்லை, கேட்டைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டார்கள் இருவரும். குழந்தையின் ஒரு கையில் ரொட்டித் துண்டு. நாங்கள் பின்னால் ஓடிப் பிடிக்க வேண்டியதாயிற்று.